கிழக்கு நிலையத்துக்கான காரணம்

பால் ஏற்றும் பவுசர் லொறி கிழக்கு நிலையத்தின் படலையைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. படலை அகலத் திறந்திருந்தது. உள்ளே சீமெந்து மேடையில் கழுவிக் கவிழ்த்த பால்கான்கள் இருந்தன. வாசலில் ஒரு பெண் கூட்டுவதை நிறுத்தித் தும்புத்தடியோடு நின்றாள். பவுசரைப் பார்த்தாள், கை காட்டவில்லை. சாரதியும் காட்டவில்லை. இருவருக்கும் அது தினமும் நடப்பதுபோல் இருந்தது.

சாரதிக்குப் பக்கத்தில் இருந்த மிரியம், மடியிலிருந்த ரப்லெற்றின் திரையில் இழுத்துக்கொண்டு வந்த கோட்டை நிறுத்தினாள்.

"உது கிழக்கு நிலையம்தானே அண்ணை?"

"ஓம்."

"அங்கையும் பால் எடுக்க வேணுமெல்லே?"

"எடுப்பம். திரும்பி வரேக்கை."

சாரதி செபமாலை, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். வல்வெட்டித்துறைக் கடற்கரை ஆள். வள்ளத்தை விட்டு வாகனத்துக்கு வந்தவர். பால் சங்கம் சேர்க்கும் பாலை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது அவர் வேலை. மிரியம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பவுசர் கிழக்கு நிலையத்தைத் தாண்டி, ஒழுங்கைகளுக்குள் வளைந்து, தலைமை நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஏற்றிக்கொண்டு, ஒடுங்கிய முடக்கில் முன்னும் பின்னுமாக எடுத்துத் திரும்பி, வந்த வழியே கிழக்கு நிலையத்துக்கு வருகிறது. தலைமை நிலையத்துக்கு அப்பால் பிரதான வீதிக்கு நேர்ப்பாதை இருக்கிறது. கிழக்கில் முதலில் ஏற்றினால் திரும்பவே வேண்டாம்.

"முதல் இஞ்சை எடுத்தால் லேசெல்லே?"

"லேசுதான்."

"அப்ப ஏன்?"

செபமாலை சிரித்தார். "பிள்ளை, நான் பால் ஏத்திற ஆள். நீங்கள் படம் கீறுற ஆள். கீறுங்கோ."

அவள் கீறினாள். ஒரு பெட்டியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் அம்பு. அவளுடைய வேலையில் இப்படியான அம்புகள்தான் அவளுக்குப் பிடித்தவை.

அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் இருந்தது. நிறுவனக் கட்டமைப்பாளர் என்று கொழும்பு அலுவலகம் தமிழாக்கியிருந்தது. கேட்பவர்கள் கட்டடம் கட்டுகிறவள் என்று நினைத்தார்கள். அவள் ஊரான உடுவிலில் அயல்வீட்டுக்காரர் ஒருவர் மதிலுக்கு எவ்வளவு சீமெந்து போகும் என்று கேட்டு வந்தார். அவள் விளக்கினாள். ஒரு நிறுவனத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், எது யாரிடமிருந்து யாரிடம் போகிறது, எங்கே நின்று காத்திருக்கிறது என்று படம் கீறுவது. முதலில் இருப்பதைக் கீறுவது. பிறகு இருக்க வேண்டியதைக் கீறுவது. அயலவர் கேட்டுவிட்டு, "அது அவைக்கே தெரியாதோ?" என்றார். தெரியாது. அதுதான் அவளை இந்த வேலையில் வைத்திருந்தது. ஒரு காப்புறுதிக் கொம்பனியில் ஒவ்வொரு கடதாசிக் கோவையும் மூன்றாம் மாடிக்கு ஏறி, ஒரு மேசையில் ஒரு நாள் இருந்துவிட்டு, யாரும் திறக்காமல் கீழே இறங்கியது. மேசைக்குரியவர் ஓய்வுபெற்றுப் பல வருடம். ஏன் போகிறது என்று கேட்டபோது, போய்த்தான் வர வேண்டும் என்றார்கள். அன்று முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பால் சங்கம் கரவெட்டிப் பக்கத்தில் இருந்தது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் சங்கத்துக்குப் பெரிய குளிரூட்டி ஒன்று தர இருந்தது. ஒன்றுதான். அதற்கு முன்னர் சங்கம் எப்படி வேலை செய்கிறது என்று மாதிரிப் படம் கீறித் தர வேண்டும். பால் சேர்க்கும் நிலையங்கள் இரண்டு இருந்தால், இரண்டும் ஏன் வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒன்று மூடப்படும். மூடப்படுவது எது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உங்களுடைய ஊர்தானே என்று சொல்லிக் கொழும்பு அலுவலகம் வேலையை அவளிடம் தந்தது. உடுவிலுக்கும் கரவெட்டிக்கும் நடுவில் ஆளில்லாத வல்லை வெளி பரந்து கிடக்கிறது என்பது கொழும்புக்குத் தெரியாது.

முதல் நாள் சங்கத் தலைவர் துரைராஜா அவளை வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை அரைக்கைச் சேர்ட்டு. மேசைக் கண்ணாடிக்குக் கீழே சங்கத்தின் பழைய படங்கள்.

"உடுவிலிலை எந்தப் பக்கம் பிள்ளை?"

சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவோ, அங்காலைப் பக்கமோ?"

சொன்னாள்.

"அப்பாவின்ரை பேர்?"

அதையும் சொன்னாள். அவர் தலையாட்டினார். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. மிரியம் இந்தக் கேள்விகளைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறாள். எந்தப் பக்கம் என்பது வழி தெரிந்துகொள்ளக் கேட்பதல்ல. எந்தச் சாதி என்பதைக் கேட்காமல் கேட்பது. அவளுடைய தேவாலயத்திலும் யார் எந்த வாங்கில் உட்கார்வார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் மாறி இருந்ததில்லை. அவளுடைய குடும்பம் முன்வாங்கு. மூன்று கேள்வியில் துரைராஜா அவளை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார். தன்னுடைய மென்பொருளைவிட வேகம் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் அம்புக்குக் காரணம் தேடத் தொடங்கினாள். மென்பொருளில் ஒவ்வொரு அம்புக்கும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அலுவலகத்தில் கணக்கு எழுதும் சிவகௌரி, கிழக்கில் பிந்தித்தான் கறப்பார்கள் என்றாள். மிரியம் அடுத்த நாள் விடிய அங்கே போய் நின்றாள். பவுசர் தாண்டிப் போகும்போது கிழக்கின் பால் முழுவதும் குளிரூட்டிக்குள் வந்திருந்தது. நிர்வாக சபையில் இருந்த றஞ்சித், அங்கே கரண்ட் சரியில்லை என்றான். சங்கத்தில் ஆகக் கூடிய பால் அவனுடைய பண்ணையிலிருந்து வருகிறது. அவன் சொன்னால் மற்றவர்கள் மறுத்துச் சொல்வதில்லை. கிழக்கில் மும்முனை மின்சாரம் இருந்தது. தலைமை நிலையத்தில்தான் மோட்டர் இரண்டு தரம் எரிந்திருந்தது. துரைராஜா, பாதை ஒடுக்கம் என்றார். போன வருடம் அகலித்துத் தார் போட்ட பாதை அது. அவரே திறப்பு விழாவில் நாடா வெட்டியிருக்கிறார். படம் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அவர் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. கேட்டவுடன் கைக்கு அகப்பட்ட காரணத்தை எடுத்துத் தந்தார்கள். தந்துவிட்டு, அவள் அதை எழுதிக்கொள்வதை ஆர்வத்தோடு பார்த்தார்கள்.

கிழக்கு நிலையத்துக்குப் பொறுப்பு குணலட்சுமி. அன்று தும்புத்தடியோடு நின்றவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். மிரியம் மறுபடி போனபோது அவள் ஒரு பெண் கொண்டுவந்த பாலுக்குள், தண்ணீர் கலந்ததா என்று காட்டும் லக்ரோமீற்றரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குழாய் பாலுக்குள் சற்று ஆழமாக இறங்கி நின்றது.

"என்ன மச்சாள், மாடு கிணத்துக்கை விழுந்ததோ?"

"சும்மா சொல்லாதை குணம். இப்பதான் கறந்தது."

"கறந்தது பால். கொண்டந்தது வேறை. கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடு."

"சொந்தக்காரி எண்டும் பாராய்."

"சொந்தக்காரி எண்டபடியாத்தான் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விடுறன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கானைத் தூக்கிச் சைக்கிளில் கொளுவினாள். குணலட்சுமி குழாயைக் கழுவித் துணியால் துடைத்தாள். வரிசை முடியும்வரை மிரியம் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, பவுசர் ஏன் முதல் அங்கை போகுது?"

"மற்றவை என்ன சொன்னவை?"

மிரியம் சொன்னாள். பிந்திக் கறப்பது. கரண்ட். பாதை. குணலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், கடையில் விலை கேட்பவளைப்போல.

"உங்களையும் எந்தப் பக்கம் எண்டு கேட்டிருப்பினமே?"

"கேட்டவை."

"தேத்தண்ணி தந்தவையோ?"

"தந்தவை."

"அப்ப உங்களுக்கு விளங்கியிருக்க வேணும்." அவள் குளிரூட்டியின் மூடியைத் தட்டினாள். "எங்கடை பாலுக்கு மேலை அவையின்ரை பாலை ஊத்தக் கூடாது. அவையின்ரை பாலுக்கு மேலை எங்கடையை ஊத்தலாம். அதுதான் பவுசர் முதல் அங்கை போகுது."

"ரெண்டும் ஒரே தாங்கிக்குள்ளைதானே போகுது?"

"ஓம்."

"பக்ரறியிலையும் ஒண்டாத்தானே."

"அது அவை காணாத இடம்."

மிரியம் ரப்லெற்றில் திரும்பி வரும் அம்பைப் பார்த்தாள். அவளுக்குள் முதலில் வந்தது கோபமல்ல. ஒரு கணக்கு விடை வந்ததுபோன்ற சின்ன மகிழ்ச்சி. அதைக் கவனித்தபோது வெட்கமாக இருந்தது.

"ஆர் உப்பிடி ஒழுங்குபடுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. வாயாலை சொன்னால் பிழை எண்டு எல்லாருக்கும் தெரியும். அதாலை ஒருத்தரும் சொல்லேல்லை."

அம்மாவின் காலத்தில், என்றாள் குணலட்சுமி, தங்களுடைய ஆட்களின் கான்களைத் தலைமை நிலையத்தில் ஒரு புறமாக வைக்கச் சொன்னார்கள். மற்றவர்களின் பால் முடிந்த பிறகு அளப்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். பால் திரிந்துவிட்டது என்று திருப்பி விடுவார்கள். அம்மாவும் மற்றவர்களும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் சங்கம் கிழக்கில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தது. தூரம் காரணமாக என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். கொட்டில் ஓட்டுக் கட்டடமானது. யுத்தத்தில் ஒருமுறை இடிந்து விழுந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் தாங்களே கல் சுமந்து கட்டினார்கள்.

"இப்ப அங்கை அப்பிடி நிப்பாட்டமாட்டினம்தானே," என்றாள் மிரியம். "ஒண்டாச் சேர்ந்தால்?"

"நிப்பாட்டமாட்டினம். துரைராஜா ஐயா நல்ல மனிசன். கதிரை போட்டு இருத்துவார்." குணலட்சுமி லக்ரோமீற்றரைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா உதைப் பிடிக்கிறது ஆர்? இஞ்சை என்ரை கை. அங்கை றஞ்சித்தின்ரை ஆள். அவன் கண்ணுக்கு எங்கடை பால் எந்த நாளும் தண்ணிதான். எங்களைத் தள்ளி வைக்கத்தான் இந்த இடத்தைத் தந்தவை. இப்ப இது எங்கடை இடம். இதை எடுக்க விடமாட்டன். உங்கடை படத்திலை எங்களை அழிச்சுப்போடாதேங்கோ."

மிரியம் உடுவிலுக்குத் திரும்பும்போது வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு நிலையமும் வேண்டும் என்று எழுதலாம். காரணத்துக்கு என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் உதவி நிறுவனம் சங்கத்தையே விட்டுப் போகும். தூரம் என்று எழுதினால் பழைய பொய்யைப் புது மென்பொருளில் ஏற்றியதாகும். அன்று பின்னேரம் மேசையில் இருந்து இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். நிலையத்துத் தண்ணீர், மின்சாரம், பாதை, திரிந்து திரும்பிய பால் எல்லாவற்றையும் பெட்டிகளுக்குள் இட்டாள். ஒன்றின் பெயரை மறைத்தாள். பிறகு மற்றதன் பெயரையும். பெயர் இல்லாதபோது இரண்டும் ஒரே அளவுப் பெட்டிகள். அவற்றில் ஒன்று எல்லா வகையிலும் நல்ல பெட்டி. அவள் கதிரையில் நிமிர்ந்தாள். ஒன்றை மூட வேண்டும் என்றால் மூடப்படுவது கிழக்காகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நிர்வாக சபைக் கூட்டம் சங்க மண்டபத்தில் நடந்தது. துரைராஜா நடுவில். றஞ்சித் யன்னலோரம். குணலட்சுமி கிளைப் பொறுப்பாளர் என்ற முறையில் கதவடியில் இருந்தாள். அந்தக் கதிரை வழக்கமாகவே அங்கேதான் கிடந்தது. மிரியம் புறொஜெக்ரரால் சுவரில் படத்தை விழுத்தினாள். முதலில் இருக்கும் நிலை. பவுசரின் அம்பு போய்த் திரும்பி வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது இருக்க வேண்டிய நிலை. ஒரு பெட்டி. அதற்குள் போய் அந்தப் பக்கத்தால் வெளியேறும் ஒரே அம்பு.

"வடிவாயிருக்கு," என்றார் துரைராஜா. "நான் எந்த நாளும் சொல்லுறது இதைத்தான். இனி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எண்டு ஒண்டும் இல்லை. எல்லாற்றை பாலும் வெள்ளைதான். ஒரே நிலையம். குணலட்சுமிக்கும் இஞ்சை ஒரு பொறுப்புக் குடுப்பம்."

அவர் அதை மனதாரச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். றஞ்சித் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், உந்தப் பெட்டி இடம் மாறிக் கிடக்கு."

"இல்லை. சரியான இடம்."

"உது கிழக்கெல்லோ."

"ஓம். கிழக்கு நிலையம்."

 மிரியம் காரணங்களைச் சொன்னாள். நல்ல தண்ணீர். மும்முனை மின்சாரம். அகலித்த பாதை. திரிந்து திரும்பிய பால் அங்கேதான் குறைவு.  வங்கிகளில் கிளைகளை மூடச் சொல்லியும் அவள் இதே குரலில்தான் பேசியிருக்கிறாள்.

"அது எங்களுக்குத் தூரம், தங்கச்சி," என்றான் றஞ்சித். அதுவரை அவள் மிஸ்.

"அவைக்கு இஞ்சை வாறதும் அதே தூரம்தான்."

"தலைமை நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. எங்கடை தாய் தேப்பன் துவங்கினது."

"படத்துக்கு எது முதல் துவங்கினது எண்டு தெரியாது. தண்ணியும் கரண்டும் பாதையும்தான் தெரியும்."

"அப்ப படத்துக்கு ஊர் தெரியாது."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். றஞ்சித் தலைவரைப் பார்த்தான். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். துரைராஜா கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டு நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை என்று அவர் சொன்னது இன்னும் மண்டபத்தில் இருந்தது. அதை அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை. மிரியம் அவருடைய முகத்தையே பார்த்தாள். என்ன சொல்வார் என்று அறியும் ஆவலில், தான் அங்கே எதற்கு நிற்கிறாள் என்பதைக்கூடச் சற்று மறந்துபோனாள்.

"இஞ்சை தரைக்கு எப்பிடியும் சீமெந்து போட வேணும்," என்றார் கடைசியில். "ஒரு கிழமை மூடத்தான் வேணும். அந்தக் கிழமை எல்லாரும் கிழக்கிலை ஊத்துவம். எப்பிடிப் போகுதெண்டு பாத்து முடிவெடுப்பம். அதை மிஸ் அறிக்கையிலை போடட்டும்."

றஞ்சித் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதிர்க்காததை மிரியம் வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். கதவடிக் கதிரையிலிருந்து குணலட்சுமி எழுந்து போயிருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் சைக்கிளைப் பூட்டுத் திறந்துகொண்டிருந்தாள். மிரியம் அருகே போனாள். அவள் திரும்பவில்லை.

"என்னைக் கேட்டனீங்களோ?"

"என்ன அக்கா?"

"கிழக்கைத் தலைமை நிலையமாக்கிறன் எண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? துரைராஜா ஐயாவைக் கேட்டனீங்கள். றஞ்சித்தைக் கேட்டனீங்கள். செபமாலை அண்ணையையும் கேட்டனீங்கள். என்னட்டை வந்து ஏன் எண்டு கேட்டனீங்கள். செய்யட்டோ எண்டு கேக்கேல்லை."

"அது நியாயமான முடிவு. கணக்குப்படி—"

"கணக்குச் சரி. ஆர் இல்லை எண்டது? என்ரை நிலையம் திறம் எண்டு எனக்குத் தெரியாதே?" அவள் திரும்பினாள். கோபம் முகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. "அவை வராட்டில் என்ன நடக்கும்? அந்தக் கிழமை பால் குறையும். பவுசர் பாதியோடை போகும். பிறகு என்ன எழுதுவியள்? றஞ்சித் வரேல்லை எண்டு எழுதுவியளோ? கிழக்கு நிலையம் சரிவரேல்லை எண்டுதான் வரும். அதுக்குத்தான் அவன் வாய் திறக்காமல் இருந்தவன். அது கூட விளங்கேல்லையே உங்களுக்கு?"

கூட்டத்தில் மிரியத்துக்கு விளங்கியிருக்கவில்லை. இப்போது விளங்கியது. எதிர்க்காமல் இருப்பதையும் ஓர் அம்பாகக் கீறியிருக்க வேண்டும்.

"வரேல்லை எண்டு நான் எழுதுறன்," என்றாள்.

"உங்கடை பெட்டியிலை அதுக்கு இடம் இருக்கே?"

மிரியம் யோசித்தாள். "இல்லை. போடலாம்."

"போடுங்கோ." குணலட்சுமி சைக்கிளை உருட்டினாள். கொஞ்சத் தூரம் போய் நின்றாள். "அவையின்ரை பாலையும் நான்தான் லக்ரோமீற்றர் விட்டுப் பாப்பன். தண்ணி எண்டால் றஞ்சித்தின்ரையும் திரும்பும். அதையும் அவைக்குச் சொல்லிவிடுங்கோ."

சொல்லத்தான் வேண்டும் என்று மிரியம் நினைத்தாள். சொன்னால் வருகிறவர்களும் வரமாட்டார்கள் என்றும் நினைத்தாள். சிவகௌரி அறிவித்தலைத் தட்டச்சுச் செய்தபோது பால் பரிசோதனை வழமைபோல் நிலையப் பொறுப்பாளரால் செய்யப்படும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். சிவகௌரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சேர்த்தாள்.

தலைமை நிலையத்தை மூடிய திங்களன்று விடியும் முன்னரே மிரியம் வந்துவிட்டாள். கிழக்கு நிலையத்தின் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கான்கள் வைக்க இன்னொரு மேடைக்குப் பலகை போட்டிருந்தார்கள். குணலட்சுமி வெளிர்நீலச் சேலை உடுத்திருந்தாள். வழக்கமாக அவள் வீட்டுச் சட்டைதான் போடுவாள். அதைப் பற்றி ஒருவரும் பகிடி விடவில்லை. கிழக்கின் ஆட்கள் முதலில் வந்தார்கள். மற்ற நாள்களைவிடச் சத்தம் குறைவு. ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் போகவில்லை. வெறுங்கானோடு மதிலோரம் நின்றார்கள். அன்று பால் திரும்பிய மச்சாள்காரி இன்று கொண்டுவந்த பாலில் குழாய் உயர்ந்து மிதந்தது. குணலட்சுமி அளவைக் குறித்துக்கொண்டு ஊற்றச் சொன்னாள்.

மிரியம் குளிரூட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் இருந்தாள். மடியில் ரப்லெற். வராதவர்களை எழுதப் புதிதாகப் போட்ட இடம் வெறுமையாக இருந்தது. அவளுக்கு வழக்கமாக வரும் ஆவல் வரவில்லை.  படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு துரைராஜா வந்தார். நடந்து வந்தார். வெள்ளை அரைக்கைச் சேர்ட்டு. கையில் ஒரு சின்னக் கான். அவருக்கு ஒரு மாடுதான். முற்றத்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அவர் வழியை எடுக்காமல், வரிசை முடிந்துகொண்டிருந்த இடத்தில், ஊற்றக் காத்து நின்ற கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் கூச்சப்பட்டு முன்னே போகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். முறை வந்தது. குணலட்சுமி குழாயை விட்டாள். குனிந்து பார்த்தாள். மற்றவர்களுக்குப் பார்ப்பதைவிடக் கூட நேரம் பார்க்கவில்லை, குறையவும் பார்க்கவில்லை.

"சரி ஐயா. ஊத்துங்கோ."

அவர் கானைத் தூக்கினார். குளிரூட்டியின் தாங்கிக்குள் கிழக்கின் பால் அரைவாசிக்கு மேல் இருந்தது. பாலைக் கலக்கும் துடுப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய கை தாங்கியின் வாய்க்கு மேலே ஒரு கணம் நின்றது. முதுகு வளைவதால் நின்றதா, வேறு எதனாலோ என்று மிரியத்தால் சொல்ல முடியவில்லை. பிறகு பால் விழுந்தது. எந்தப் பால் எங்கே விழுந்தது என்று துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தெரியாமல் போனது.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ ஐயா?" என்றாள் குணலட்சுமி.

முற்றம் அசையாமல் நின்றது. துரைராஜா கானை மூடினார். மூடியை இரண்டு தரம் திருகினார்.

"சீனி குறைச்சுத் தா பிள்ளை," என்றார்.

யாரோ அடுப்படிக்கு ஓடினார்கள். அப்போது படலையடியில் நின்ற ஒருத்தி உள்ளே திரும்பிப் பார்த்து, "முடக்கிலை நிக்கினம்," என்றாள். மிரியம் யன்னலால் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கை பிரதான பாதையில் சேரும் இடத்தில் மோட்டார்சைக்கிள்கள் நின்றன. ஐந்தோ ஆறோ. பின்னால் கான்கள் கட்டியிருந்தன. ஆட்கள் இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி இருந்தார்கள். றஞ்சித்தின் சிவப்புப் பட்டா லொறி அவர்களுக்குப் பின்னால். அதன் கண்ணாடியில் வானம் தெரிந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. மதில் மறைப்பதால் அவர்களுக்கு முற்றம் தெரியாது. துரைராஜா ஊற்றியதும் தெரியாது. அவர் உள்ளே போனதை மட்டும் கண்டிருப்பார்கள்.

ஒவ்வொருவர் ஊற்றிய பிறகும் குளிரூட்டியை மூட வேண்டும் என்பது ஒழுங்கு. குணலட்சுமி மூடவில்லை. இன்னும் ஊற்ற ஆள் இருக்கிறது என்பதுபோல் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். தாங்கியிலிருந்து எழுந்த குளிர் அவளுடைய நீலச் சேலையின் கரையைத் தொட்டது. பால் சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் எல்லோரும் படலைப் பக்கம் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

முடக்கில் ஒரு மோட்டார்சைக்கிள் ஸ்ராட் ஆகியது. பிறகு இன்னொன்று. சத்தம் மதில்களில் பட்டுத் திரும்பியது. வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. மூடியைப் பிடித்த குணலட்சுமியின் கை சற்று இறங்கியது. மறுபடி உயர்ந்தது.